27 ஆண்டு வாழ்ந்த தொகுதி

இன்றைய கனடிய வரைபடத்தில் ஸ்காபரோ–ரூஜ் ரிவர் என்ற தேர்தல் தொகுதியைத் தேடினால் அகப்படாது. 1988 நவம்பரில் முதல் தேர்தலைக் கண்டது. 2015 தேர்தலோடு இல்லாமற் போனது. இடைப்பட்ட 27 ஆண்டுகளில் அது ஒட்டாவாவுக்கு அனுப்பியது இரண்டே இரண்டு பேரைத்தான். ஒருவர் டெரெக் லீ என்ற வழக்கறிஞர். மற்றவர் ராதிகா சிற்சபைஈசன், கனடியப் பாராளுமன்றத்தில் அமர்ந்த முதல் தமிழர்.

நான் அந்தத் தொகுதியின் பழைய வாக்காளன். சில தேர்தல்களில் அங்குள்ள பள்ளிக்கூட ஜிம்மில் வாக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் அலுவலராகவும் உட்கார்ந்திருக்கிறேன். எந்தக் கட்சியிலும் அங்கத்தவன் அல்ல. ஆனால் ஒரு தொகுதி எப்படிப் பிறக்கிறது, யார் அதை வளர்க்கிறார்கள், ஏன் ஒருநாள் அதை இரண்டாகப் பிளக்கிறார்கள் என்பதை ஒரே இடத்தில் இருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ஊரில் நான் இருந்த காலத்தில் தொகுதி என்றால் யார் வெல்வார் என்ற பேச்சு மட்டும்தான். கோட்டை யார் கீறுகிறார்கள் என்று கேட்கத் தோன்றியதே இல்லை.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ரொறன்ரோ மாநகரின் வடகிழக்கு மூலை, ஸ்காபரோ என்ற பகுதிக்குள். வடக்கே ஸ்டீல்ஸ் வீதி, அதைத் தாண்டினால் மார்க்கம் நகரம். தெற்கே 401 நெடுஞ்சாலை. கிழக்கே ரூஜ் ஆறும் அதன் காடும். நடுவில் மல்வேர்ன். 1950களில் மத்திய அரசின் வீடமைப்பு நிறுவனம் பண்ணை நிலங்களை எடுத்து, முன்மாதிரிக் குடியிருப்பு அமைப்போம் என்று சொன்ன இடம் அது. திட்டம் போட்ட பிறகு ஏறத்தாழ 20 வருடம் சும்மா கிடந்து, 1970களில்தான் ஆட்கள் குடிவந்தார்கள். 1974இல் பக்கத்திலேயே ரொறன்ரோ விலங்குக் காட்சிச்சாலை திறந்தது. மனிதர்களுக்கு முன்னர் வீதிகளைப் போட்டு வைத்திருந்தார்கள் என்று பழைய குடியிருப்பாளர் சொல்வார்கள். நான் 1988 மாரியில் வந்திறங்கியபோதும் அந்த வீதிகளில் பாதி வெறுமையாகத்தான் இருந்தன.

அரசியல் வரலாறு இன்னும் பழையது. 1867இல் கனடா ஒரு நாடாக அமைந்தபோது இந்த நிலம் யோர்க் ஈஸ்ட் என்ற பெரிய கிராமத் தொகுதியின் ஒரு பகுதி. அந்தத் தொகுதிக்கு ஒரு பெருமை உண்டு: கனடாவின் இரண்டாவது பிரதமர் அலெக்சாந்தர் மக்கென்சி, பதவியை இழந்த பின்னர், 1882 முதல் 1892இல் சாகும்வரை அதன் உறுப்பினராக இருந்தார். அவர் ஒரு கல்தச்சர். பிரதமரானபின் கொடுக்க வந்த சேர் பட்டத்தை வேண்டாமென்றவர்.

அதே 1882இல்தான் பிரதமர் ஜோன் ஏ. மக்டொனால்ட் ஒன்ராறியோவின் தொகுதி எல்லைகளைத் தன் கட்சிக்கு வசதியாக வெட்டி ஒட்டினார். எதிர்க்கட்சி ஆதரவாளர்களை ஒரு சில தொகுதிகளில் குவித்துவிட்டு, மற்ற இடங்களில் தன் ஆட்களை வெல்ல வைக்கும் தந்திரம். அப்போது எல்லையைக் கீறியது பாராளுமன்றமே, அதாவது ஆளும் கட்சியே. போட்டியாளனே நடுவராக இருந்த விளையாட்டு. இதை மாற்ற 1964 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டுச் சட்டம்தான் எல்லை நிர்ணயத்தை அரசியல்வாதிகளின் கையிலிருந்து எடுத்துச் சுயாதீன ஆணைக்குழுக்களிடம் கொடுத்தது. இப்போது ஒவ்வொரு மாகாணத்துக்கும் மூவர். தலைவராக, அந்த மாகாணத்தின் தலைமை நீதிபதி நியமிக்கும் ஒரு நீதிபதி. மற்ற இருவரையும் பாராளுமன்ற சபாநாயகர் நியமிப்பார்.

நடுவில் ஒரு தலைமுறைக் கதையை விட்டுவிட மனமில்லை. 1951இல் ஸ்காபரோவின் சனத்தொகை 56 ஆயிரம் அளவில். பத்தே ஆண்டில் அது 2 இலட்சத்தைத் தாண்டியது. அந்த வளர்ச்சிக்காக 1952இல் யோர்க்–ஸ்காபரோ என்று புதிய தொகுதியை உண்டாக்கினார்கள். உண்டாக்கிய நாளிலிருந்தே வீங்கி, நாட்டின் மிகப் பெரிய தொகுதிகளில் ஒன்றானது. 1957இல் அங்கே வென்றவர் ஃபிராங்க் மக்கீ என்ற கன்சர்வேட்டிவ் கட்சிக்காரர். கனடாவை உருவாக்கிய தலைவர்களில் ஒருவரான டார்சி மக்கீயின் சகோதர வழிப் பேரன். டார்சி மக்கீ 1868இல் ஒட்டாவாவில் தங்கியிருந்த விடுதியின் வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டவனை அடுத்த வருடம் பொதுமக்கள் முன் தூக்கிலிட்டார்கள். அந்தக் குடும்பத்தில் வந்த பேரன், மரண தண்டனையை ஒழிக்க வேண்டும் என்று தனிநபர் மசோதா கொண்டுவந்து 1960இல் பாராளுமன்றத்தில் வாதாடினார். மசோதா நிறைவேறவில்லை. ஆனால் எல்லாக் கொலைக்கும் தூக்கு என்பதை அடுத்த ஆண்டே அரசு திருத்தியது. கொலைக்குத் தூக்கு என்பதே 1976இல் ஒழிந்தது. ஸ்காபரோவின் எம்.பி.க்களில் சரித்திரத்தில் நிற்கத்தக்கவர் யார் என்று கேட்டால் நான் இவரைத்தான் முதலில் சொல்வேன். பேரை அங்கே யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை.

யோர்க்–ஸ்காபரோ தாங்க முடியாத அளவுக்குப் பெருத்ததும் அதை உடைத்தார்கள். 1987இல் உடைந்த துண்டுகளில் ஒன்றுதான் ஸ்காபரோ–ரூஜ் ரிவர்.

முதல் தேர்தலில் லிபரல் கட்சியின் டெரெக் லீ வென்றார். அமெரிக்காவுடனான சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் பற்றி நாடே சண்டை பிடித்த தேர்தல் அது. அவரிடம் தோற்றவர்களில் ஒருவர் ரேமண்ட் சோ, கொரியாவில் பிறந்தவர், என்டிபி என்ற புதிய ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர். இவரை மறக்க வேண்டாம், திரும்பி வருவார்.

லீ அதன்பிறகு 1993, 1997, 2000, 2004, 2006, 2008 என்று வரிசையாக வென்றார். நான் குடியுரிமை பெற்று முதல் வாக்குப் போட்டது 1993இல். அந்தத் தேர்தலில் ஒன்ராறியோவின் 99 ஆசனங்களில் 98ஐ லிபரல் எடுத்தது. எங்கள் தொகுதியில் முடிவு என்னவென்று வாக்குப்பெட்டியைத் திறக்காமலே சொல்லியிருக்கலாம். குடியேறி வந்தவர்களுக்கு லிபரல் என்றால் வீட்டுக் கட்சி மாதிரி. பிரதமர் பியர் ட்ரூடோ காலத்தில் கதவைத் திறந்துவிட்டவர்கள் என்ற நன்றி. அந்த நன்றியில் ஏறி ஒரு கட்சி 23 வருடம் அசையாமல் இருந்தது.

இப்படிப்பட்ட பாதுகாப்பான தொகுதியில் உண்மையான தேர்தல் நடப்பது தேர்தல் நாளில் அல்ல. கட்சி தன் வேட்பாளரைத் தெரியும் கூட்டத்தில்தான். பொதுத்தேர்தலில் வாக்களிக்கக் குடியுரிமை வேண்டும், 18 வயது வேண்டும். லிபரல் கட்சியின் வேட்பாளர் தெரிவிலோ அக்காலத்தில் 14 வயதுப் பிள்ளையும், குடியுரிமை கிடைக்காதவரும் அங்கத்தவராகி வாக்குப் போடலாம். ஆகவே சனிக்கிழமை காலையில் கோவில் வாசலிலும் பலசரக்குக் கடை வாசலிலும் அங்கத்துவப் படிவங்களோடு பெடியள் நிற்பார்கள். தமிழர், சீனர், சீக்கியர், பிலிப்பீன்ஸ்காரர் எல்லோரும் கனடிய அரசியலின் அரிச்சுவடியை இந்தப் படிவங்களில்தான் படித்தார்கள். ஆட்களைச் சேர்க்கத் தெரிந்தவர்கள் நாளடைவில் தாங்களே நிற்கவும் கற்றுக்கொண்டார்கள். பதவியில் இருக்கும் எம்.பி. விலகும்வரை கதவு திறக்காது என்பதுதான் தடை.

தமிழர்கள் அங்கே சேர்ந்த விதமும் ஒரு ஒழுங்கில்தான். முதலில் 401க்குத் தெற்கே தொடர்மாடிகளில் இரண்டு குடும்பம் ஓர் அறையில். பிறகு பேஸ்மென்ட். பிறகு மல்வேர்னிலோ, மோர்னிங்சைட் பக்கமோ, மார்க்கம் வீதிக்கு அருகிலோ சொந்த வீடு. மார்க்கம் வீதியில் மஜெஸ்டிக் சிற்றி வந்தபின் சேலை, கொத்துரொட்டி, நகை, சீட்டுக் கணக்கு எல்லாம் ஒரே கூரையின் கீழ். 2011 வாக்கில் அந்தத் தொகுதியில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் வெள்ளையர் அல்லாதவர்.

2009 எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. வன்னியில் போர் முடிவை நெருங்கிய நாட்களில், மே 10ஆம் திகதி, ஆயிரக்கணக்கான தமிழர் ரொறன்ரோவின் கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறி உட்கார்ந்தார்கள். குழந்தைகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு தாய்மாரும் போனார்கள். நகரம் கோபப்பட்டது. ஒட்டாவா பார்த்துக்கொண்டிருந்தது. அந்த வாரங்களில்தான், படிவத்தில் கையெழுத்து வாங்கித் திரிந்த இளையவர்கள், இன்னொருவருக்காக ஆள் சேர்ப்பதில் என்ன பயன் என்று கேட்கத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு ஓகஸ்ட்டில் சன் சீ கப்பல் 492 தமிழரோடு பசிபிக் கரைக்கு வந்தது. 2011 தேர்தலில் கன்சர்வேட்டிவ் கட்சி கப்பல் படத்தைக் காட்டி விளம்பரம் செய்தது. எங்கள் பகுதியில் அது யாருக்கு வாக்குச் சேர்த்துக் கொடுத்தது என்பதை விளக்க வேண்டியதில்லை.

அதே தருணத்தில் டெரெக் லீ விலகினார். கதவு திறந்தது. ஆனால் ராதிகா நுழைந்தது அந்தக் கதவால் அல்ல. ஜாக் லேட்டனின் என்டிபி கட்சியில், அதுவரை இந்தத் தொகுதியில் ஒருமுறைகூட வெல்லாத கட்சியில், நின்றார். யாழ்ப்பாணத்தில் பிறந்து, ஐந்து வயதில் கனடா வந்தவர். வயது 29.

2011 மே 2ஆம் திகதி காலை ஒன்பதரை மணிக்கு வாக்களிப்பு நிலையத்தைத் திறந்தபோதே வாசலில் வரிசை நின்றது. கனடாவில் வாக்குச்சீட்டு கறுப்புப் பின்னணியில் வெள்ளை வட்டங்கள் கொண்டது. பென்சிலால் புள்ளடி இடவேண்டும். பெயர்கள் குடும்பப் பெயரின் ஆங்கில அகரவரிசையில். ‘எஸ்’ எழுத்துக்காரர் என்பதால் ராதிகாவின் பெயர் கீழ்ப்பக்கம். பேரன் கொண்டுவந்து இறக்கிவிட்ட ஒரு மூதாட்டி என் மேசைக்கு வந்தார். அடையாள அட்டையைச் சரிபார்த்துச் சீட்டைக் கொடுத்தேன்.

“தம்பி, எங்கட பிள்ளையின்ர பேர் எதிலை கிடக்கு?” என்றார்.

“அதை நான் சொல்லக் கூடாது, ஆச்சி. வாசிக்கக் கஷ்டமெண்டால் பேரனைக் கூப்பிடலாம், அதுக்கு ஒரு பாரம் இருக்கு.”

“அவன் காரைப் பார்க் பண்ணப் போட்டான். நீர் தமிழன்தானே?”

“இந்த மேசையிலை இருக்கும்வரை இல்லை, ஆச்சி.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அட்டை மறைப்புக்குப் பின்னால் போனார். நீளமான பேராகப் பார்த்துப் போட்டேன் என்று வெளியில் யாரிடமோ சொல்லிக்கொண்டு போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

இரவு ஒன்பதரைக்குக் கதவைப் பூட்டி, கட்சிப் பிரதிநிதிகள் பார்த்திருக்க, ஒவ்வொரு சீட்டாக விரித்துக் காட்டி எண்ணினோம். கனடாவின் மத்திய தேர்தலில் இயந்திரம் கிடையாது, எல்லாம் கையால்தான். அன்றிரவு என்டிபி நாடு முழுவதும் 103 ஆசனங்கள் பெற்று முதன்முறையாகப் பிரதான எதிர்க்கட்சியானது. எங்கள் தொகுதியில் ராதிகா வென்றார். கன்சர்வேட்டிவ் இரண்டாவது. 23 வருடம் ஆண்ட லிபரல் மூன்றாவது.

அந்த வெற்றியைத் தமிழ் வெற்றி என்று மட்டும் சொல்வது பாதி உண்மை. லேட்டனின் அலை ஸ்காபரோவின் இன்னொரு தொகுதியான ஸ்காபரோ சவுத்வெஸ்ட்டையும் என்டிபிக்குக் கொடுத்தது. அங்கே வென்றவர் தமிழர் அல்ல. அலையும் ஆளும் ஒன்றாக வந்தன. லேட்டன் அந்த ஓகஸ்ட்டிலேயே புற்றுநோயால் இறந்தார்.

ராதிகாவுக்கு ஒரு தவணைதான் கிடைத்தது. தோற்கடித்ததில் வரைபடத்துக்கும் பங்கு உண்டு. 2011 சனத்தொகைக் கணக்கெடுப்பின் பின் பாராளுமன்ற ஆசனங்கள் 308இலிருந்து 338 ஆகின. ஒன்ராறியோவுக்கு மட்டும் 15 புதிய ஆசனங்கள். அந்தச் சுற்றில் ஸ்காபரோ–ரூஜ் ரிவரை இரண்டாகப் பிளந்தார்கள். மேற்குப் பாதி ஸ்காபரோ நோர்த். கிழக்குப் பாதி, அயல் தொகுதிகளின் துண்டுகளோடு ஸ்காபரோ–ரூஜ் பார்க். யாழ்ப்பாணத்தில் வேலி அரைச் சாண் நகர்ந்தால் இரண்டு தலைமுறை வழக்குப் பேசும். இங்கே ஒரு தொகுதியை நடுவால் கிழித்தபோது என் அயலவர்களில் பலருக்கு, வாக்காளர் அட்டை தபாலில் வரும்வரை தெரியாது.

ராதிகா ஸ்காபரோ நோர்த்தில் நின்று மூன்றாவதாக வந்தார். வென்றவர் லிபரல் கட்சியின் ஷோன் சென். அந்தத் தேர்தலில் ரொறன்ரோவின் 25 ஆசனங்களும் லிபரல் வசம். ரூஜ் பார்க்கில் வென்றவர் கரி ஆனந்தசங்கரி, கிளிநொச்சியின் முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் வீ. ஆனந்தசங்கரியின் மகன். அங்கே கன்சர்வேட்டிவ் பக்கத்தில் ஒரு கூத்து நடந்தது. அவர்களுடைய முதல் வேட்பாளர் வீட்டுச் சாதனங்கள் திருத்துபவர். சில வருடம் முன்னர் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியின் இரகசியக் கமராவில், வேலைக்குப் போன வீட்டுச் சமையலறையில் கோப்பைக்குள் சிறுநீர் கழித்து அகப்பட்டவர் அவர்தான் என்று பிரசாரத்தின் நடுவில் வெளிவந்தது. கட்சி அவசரமாக ஆளை மாற்றியது. மாற்றாக வந்தவர் லெஸ்லின் லூயிஸ் என்ற வழக்கறிஞர். தோற்றார். ஐந்து வருடம் கழித்து அதே கட்சியின் தலைமைக்குப் போட்டியிட்டு நாடறிந்தவரானார். ஒரு கோப்பையில் இருந்து எத்தனை அரசியல் பிறக்கிறது, பாருங்கள்.

பழைய பெயர் மாகாண சட்டசபையில் இன்னும் கொஞ்சக் காலம் உயிரோடிருந்தது. 2016 செப்டம்பரில் அங்கே ஓர் இடைத்தேர்தல். லிபரலும் என்டிபியும் தமிழ் வேட்பாளர்களை நிறுத்தின. வென்றவர் கன்சர்வேட்டிவ் கட்சியின் ரேமண்ட் சோ. 1988இல் என்டிபியாக லீயிடம் தோற்றவர், 2004இல் சுயேச்சையாக மறுபடியும் அவரிடம் தோற்றவர், மூன்றாவது நிறத்தில், எண்பதை நெருங்கும் வயதில் வென்றார். கொள்கை என்ன என்று கேட்காதீர்கள். விடாமுயற்சி என்றால் அதுதான்.

எல்லை கீறும் கணக்கு ஒன்றும் மர்மம் அல்ல. 2021 கணக்கெடுப்பில் ஒன்ராறியோவின் சனத்தொகை 1 கோடி 42 இலட்சத்து 23,942. ஆசனங்கள் 122. வகுத்தால் ஒரு தொகுதிக்குச் சுமார் 1,16,590 பேர். இதிலிருந்து 25 சதவீதம் கூடவோ குறையவோ போகலாம் என்று சட்டம் இடம் கொடுக்கிறது. ரொறன்ரோவின் சனத்தொகை 27,94,356. இதை 1,16,590ஆல் வகுத்தால் 24க்கு ஒரு மயிரிழை குறைவு. இருந்ததோ 25. ஆக ரொறன்ரோ ஓர் ஆசனத்தை இழக்க வேண்டும். நாடு முழுக்கச் சமம் என்று நினைத்துவிடாதீர்கள். பிரின்ஸ் எட்வர்ட் தீவில் ஒன்றரை இலட்சம் பேருக்கு நாலு ஆசனம். செனட்டில் இருப்பதைவிடக் கீழ்ச்சபையில் குறையக் கூடாது என்ற 1915ஆம் ஆண்டு அரசியலமைப்புப் பாதுகாப்பு அது. மல்வேர்னில் மூன்று பேரின் வாக்குக்கு அந்தத் தீவில் ஒருவரின் வாக்குச் சமம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஆனால் அதை மாற்றுவது தொகுதி எல்லையை மாற்றுவது போலச் சுலபமல்ல.

2022இல் நீதிபதி லின் லீச் தலைமையிலான ஒன்ராறியோ ஆணைக்குழு, இரண்டு அரசியல்துறைப் பேராசிரியர்களோடு சேர்ந்து, முதல் வரைவை வெளியிட்டபோது வெட்டு விழுந்தது ஸ்காபரோவில். எதிர்ப்பு எழுந்தது. பொது அமர்வுகளில் ஆட்கள் போய்ப் பேசினார்கள். இறுதி அறிக்கையில் இழப்பைப் பங்கிட்டு, ஸ்காபரோ சென்டரை அயலில் இருந்த டொன் வலி ஈஸ்ட்டோடு இணைத்தார்கள். ரூஜ் பார்க், கில்ட்வுட்டோடு சேர்ந்து ஸ்காபரோ–கில்ட்வுட்–ரூஜ் பார்க் என்று நீண்டது. 2025 ஏப்ரலில் அந்தப் புதிய எல்லைக்குள்ளும் ஆனந்தசங்கரியே வென்றார், மே மாதம் நாட்டின் பொதுப் பாதுகாப்பு அமைச்சரானார்.

ஓர் எம்.பி.யால் தொகுதிக்கு என்ன கிடைத்தது என்று கேட்பவர்களுக்கு இரண்டு பதில். கிடைத்தது: ஜனவரியைத் தமிழ் மரபுரிமை மாதமாக 2016இல் பாராளுமன்றம் ஏகமனதாக ஏற்றது, 2015இல் ரூஜ் காடு கனடாவின் முதல் தேசிய நகரப் பூங்காவானது. கிடைக்காதது: ரயில். 1985இல் திறந்த ஸ்காபரோ ஆர்.டி. பாதை மக்கவன் நிலையத்தோடு நின்றது. மல்வேர்னுக்கு நீட்டுவோம் என்ற பேச்சு பல தேர்தல்களைக் கண்டது. நீளவில்லை. 2023 ஜூலையில் ஒரு பெட்டி தடம் புரண்டதோடு இருந்த பாதையையும் மூடிவிட்டார்கள். மாநகரமும் மாகாணமும் செய்யவேண்டிய வேலை என்று மத்திய எம்.பி.க்கள் சொல்வார்கள். பஸ்ஸுக்குக் குளிரில் நிற்பவருக்கு மூன்று அரசாங்கமும் ஒன்றுதான்.

நான் இப்போது ஏஜாக்ஸில் இருக்கிறேன். பிள்ளைகள் பெரிய வீடு கேட்டார்கள், ஸ்காபரோவில் கட்டுப்படியாகவில்லை. என்னைப் போல ஏராளம் தமிழர் 401 வழியே கிழக்கு நோக்கியும், ஸ்டீல்ஸைத் தாண்டி மார்க்கத்துக்கும் நகர்ந்துவிட்டார்கள். 2025இல் பிக்கரிங்–புரூக்லின் தொகுதியில், மார்க்கம் நகரசபை உறுப்பினராக இருந்த யுவனிதா நாதன் வென்றதும் இந்த நகர்வின் தடத்தில்தான். சனம் நடந்த பிறகுதான் கோடு நகர்கிறது, அதுவும் பத்து வருடத்துக்கு ஒருமுறை.

அடுத்த எல்லை மாற்றம் 2031 கணக்கெடுப்பை வைத்து வரும். பேஸ்மென்டில் இருக்கும் மூன்று பேரைப் படிவத்தில் எழுதாமல் விடும் பழக்கம் எங்கள் வீடுகளில் இன்னும் உண்டு. வாடகை வரி கேட்பார்கள் என்ற பயம். அந்தப் படிவத்தில் உள்ள விபரம் வரித் திணைக்களத்துக்குப் போகாது, சட்டம் அதைத் தடுக்கிறது. எழுதாமல் விட்ட ஒவ்வொரு ஆளும் உங்கள் பகுதியின் ஆசனக் கணக்கில் குறைகிறார். வரைவு வெளிவந்ததும் பொது அமர்வு நடக்கும். பேசுவதற்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, பெயரைப் பதிந்தால் போதும். வீட்டில் இருக்கும் எல்லோரையும் எழுதுங்கள், அமர்வுக்கும் போங்கள்.